ஊஞ்சப்பாளையத்தில் நிலா ஒழுகிய வருஷம்

எங்கள் ஊரில் நிலா ஒழுகிய வருஷத்தைப் பற்றி வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் முதலில் உட்காரச் சொல்வோம், பிறகு ஒரு டீ வாங்கிக் கொடுப்போம், அதற்குப் பிறகும் அவர் அது எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்றே குடைந்துகொண்டிருந்தால் எழுந்து எங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். எப்படி என்பது எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. மழை எப்படிப் பெய்கிறது என்று விசாரித்துவிட்டா குடையை விரிக்கிறோம். நிலா ஒழுகியது, நாங்கள் பிடித்துக்கொண்டோம், பிறகு ஒருத்திக்காக அதை நிறுத்தினோம். அந்த ஒருத்தியின் கதைதான் சொல்ல வேண்டிய கதை, அதைச் சொல்ல எங்களை விட்டால் ஆளில்லை.

ஊஞ்சப்பாளையம் விசைத்தறி ஊர். பல்லடத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஊர்ப்பெயர்ப் பலகை கண்ணில் படுவதற்கு முன்பே தறிச்சத்தம் காதில் விழுந்துவிடும். தறிகள் அடிக்கிற அடியில் தரை ஓயாமல் நடுங்கும், அலமாரியில் வைத்த டம்ளர் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வரும், போகிற போக்கில் அதை உள்ளே தள்ளிவிட்டுப் போவது எங்கள் எல்லாருக்கும் கைப்பழக்கம். எங்கள் கைக்குழந்தைகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கும், கரண்ட் போய்த் தறி நின்றால் வீறிட்டு எழுந்துகொள்ளும். இப்படி ஆடிக்கொண்டே இருக்கிற ஊரில் டெலஸ்கோப்பை நட்டு வானத்தைப் பார்க்க ஒருத்தி ஆசைப்பட்டாள் என்றால், அவள் எவ்வளவு பிடிவாதக்காரி என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவள் பெயர் சரோஜாமணி. மாரியம்மன் கோயில் வீதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் குழந்தைவேலின் மனைவி. தறிக்கு வேண்டிய சாப்டும் பல்சக்கரமும் அவர் கடைவார், அவள் அளவு பார்ப்பாள், ஒரு மயிரிழை கூடக்குறைய இருந்தாலும் கொண்டவன் கடைந்தது என்றுகூடப் பார்க்காமல் பழைய இரும்பில் வீசிவிடுவாள். அப்பேர்ப்பட்ட கண், அவளுக்கு ஐம்பது நெருங்கும்போது ஓரத்திலிருந்து மூட ஆரம்பித்தது. முதலில் பக்கவாட்டில் வரும் சைக்கிள் தெரியவில்லை, அப்புறம் பந்தியில் பக்கத்து இலை தெரியவில்லை, அப்புறம் பொழுது சாய்ந்தால் எதுவுமே தெரியவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் பட்டறையிலிருந்து வீட்டுக்குப் போகும்போது அவள் வலது கையால் சுவர்களைத் தடவிக்கொண்டே போவாள். கை பட்டுப் பட்டு அந்த வீதி முழுக்க ஒரே உயரத்தில் அழுக்குக் கோடு ஒன்று விழுந்திருந்தது, எங்கள் பிள்ளைகள் அதற்குப் பக்கத்தில் நின்று வளர்ந்துவிட்டோமா என்று அளந்து பார்த்துக்கொண்டார்கள்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது, அது சனியைப் பார்ப்பது. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் கோயமுத்தூரிலிருந்து அறிவியல் சங்கத்துக்காரர்கள் பள்ளிக்கூடத்து மைதானத்துக்கு ஒரு டெலஸ்கோப்போடு வந்தார்கள். சனிக்கிரகத்தைக் காட்டப்போகிறோம் என்று அவர்கள் சொன்னதுமே பாதி ஊர் வீட்டுக்குத் திரும்பிவிட்டது, ஏனென்றால் கோயிலில்கூடச் சனீஸ்வரன் சந்நிதிக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்று பக்கவாட்டில் கும்பிடுகிறவர்கள் நாங்கள். மீதிப் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள், தறி ஆட்டிய ஆட்டத்தில் சனி குளிர்காய்ச்சல் வந்தவர்போல நடுங்கினார் என்று வந்து சொன்னார்கள். சரோஜாமணியின் முறை வந்தபோது மேகம் மூடிக்கொண்டது. வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அவள் மட்டும் அந்த மைதானத்திலிருந்து மனசால் வெளியே வரவேயில்லை.

கண் மூடத் தொடங்கிய பிறகு அந்த ஆசைக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. பல்லடம் ரோட்டுப் பழைய இரும்புக் கடையில், வால்பாறைப் பக்கம் ஏதோ எஸ்டேட் பங்களாவை இடித்தபோது வந்த சாமான்களுக்கு நடுவே, ஒரு பித்தளைக் குழாய் கிடந்தது. வெள்ளைக்காரன் புகை பிடித்த உக்கா என்று கடைக்காரர் சத்தியம் செய்தார், சரோஜாமணி மறுத்துப் பேசாமல் உக்கா விலைக்கே வாங்கிக்கொண்டு வந்தாள். பிறகு ஒரு மழைக்காலம் முழுக்கப் புருஷனும் பெண்டாட்டியும் அதன்மேலேயே விழுந்து கிடந்தார்கள். புளி போட்டுத் தேய்த்துப் பச்சைக் களிம்பை எடுத்தார்கள், உள்பக்கத்துக்குக் கரும்பலகைக்கு அடிக்கிற கறுப்புப் பெயிண்டை அடித்தார்கள், தேய்ந்துபோன பல்லுக்குப் பதிலாகத் தறியின் பழைய பல்சக்கரம் ஒன்றைச் சின்னதாகக் கடைந்து மாட்டினார்கள், அடிபம்புத் தோல் வாசரை வெட்டிக் குழாய்க்குள் குழாய் வழுக்காமல் நகரும்படி செய்தார்கள், கால் நடுகிற இடத்தில் டிராக்டர் பேரிங் ஒன்றைப் புதைத்தார்கள். இவ்வளவு செய்தும் முன்பக்கக் கண்ணாடி மட்டும் பூஞ்சை பிடித்து, வேர் ஓடினாற்போல வெளிறிக் கிடந்தது.

அந்த முன்கண்ணாடி ஒன்றல்ல, இரண்டு. நடுவில் தடித்த வில்லை ஒன்று, நடுவில் குழிந்த வில்லை ஒன்று, இரண்டும் ஒரு வளையத்துக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். பிரித்துக் கழுவுவதற்கு முன்னால் எந்த முகம் வானத்தைப் பார்த்தது, எந்த முகம் உள்ளே பார்த்தது என்று விளிம்பில் பென்சிலால் குறி போட்டுக்கொள்ள வேண்டும், குறி போடாமல் பிரித்தவன் அத்தோடு தொலைந்தான் என்பது பழைய டெலஸ்கோப்பைத் தொடுகிற எல்லாருக்கும் தெரிந்த பாடம். சரோஜாமணி குறி போட்டுத்தான் பிரித்தாள், எவர்சில்வர் பேசினில் தண்ணீர் விட்டு இரண்டையும் ஊற வைத்தாள், ஊற வைத்துவிட்டுக் கோயமுத்தூர்க் கண்ணாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். அன்றைக்கு ஆயுதபூஜை.

ஆயுதபூஜை என்றால் குழந்தைவேல் வேறு மனிதராகிவிடுவார். ஸ்பேனர், ரம்பம், கிரைண்டர், தராசு, கால்குலேட்டர், பட்டறைக் கதவின் பூட்டு வரைக்கும் அவர் கையால் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொள்ளாத சாமான் எதுவும் அந்தப் பட்டறையில் தப்ப முடியாது. பேசினில் கிடந்த வில்லைகளையும் எடுத்தார், சீயக்காய்ப் பொடி போட்டுப் பனியன் துணியால் விளிம்பு வரைக்கும் பதமாகத் தேய்த்தார், அழுக்கு என்று நினைத்துப் பென்சில் குறியையும் சேர்த்துப் பளபளவென்று துடைத்தார், நடு முகத்தில் ஆளுக்கொரு பொட்டு வைத்துச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்தார்.

சாயந்தரம் சரோஜாமணி திரும்பி வந்தாள். கண் இனி திறக்காது, சுருங்கிக்கொண்டே போகும், முழுசாக மூட எத்தனை நாள் என்பதை யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதைச் சுமந்துகொண்டு வந்தவள், ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் நடுவில் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வில்லைகளைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாத்துக்கும் வெச்சுட்டு அதை மட்டும் எப்புடி உடறது என்று குழந்தைவேல் தயங்கித் தயங்கிச் சொன்னார், பூஜையில் வைத்ததை மறுநாள் எடுத்து ஓட்டிப் பார்க்கும் வரைக்கும் பொட்டை அழிக்கக் கூடாது என்றும் கெஞ்சினார். அவள் திட்டவில்லை. விஜயதசமி அன்று பொட்டோடு இருந்த வில்லைகளை மனசுக்குத் தோன்றிய வாக்கில் மாட்டினாள், விளக்கு வைக்கிற நேரத்தில் பட்டறை வாசலில் குழாயை நட்டு, கிழக்கே நின்றிருந்த நிலாவுக்குத் திருப்பி, கீழ் முனையில் கண்ணை வைத்தாள்.

ஒன்றும் தெரியவில்லை. வெறும் வெள்ளையாக இருந்தது. பிறகு அவள் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

ஈரமில்லை, சில்லென்று மட்டும் இருந்தது. துடைத்த விரல் வெளிச்சமாக இருந்தது. இன்னொரு சொட்டு தரையில் விழுந்து தறி ஆட்டத்தில் நடுங்கிக்கொண்டு கிடந்தது. குழந்தைவேல் உள்ளே ஓடிப்போய் டம்ளர் எடுத்து வந்து அடியில் வைத்தார். ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைப்பதைத் தவிர வேறு என்ன செய்யத் தோன்றும். டம்ளர் நிறைந்ததும் சொம்பு, சொம்பு நிறைந்ததும் வாளி, வாளி நிறைவதற்குள் பக்கத்து வீட்டில் குடத்தோடு வந்து நின்றார்கள்.

நாங்கள் ஆச்சரியப்பட்டோமா என்று கேட்பவர்கள் எங்கள் ஊரில் குடிதண்ணீர் எப்படி வருகிறது என்று தெரியாதவர்கள். எப்போது வரும் என்று தெரியாத ஒன்று திடீரென்று வந்தால் முதலில் பிடித்து வைத்துக்கொள்வது, சந்தேகங்களைப் பிறகு கேட்டுக்கொள்வது என்பது எங்களுக்குப் பிறவிக்குணம். அந்த வாரத்திலேயே பட்டறை வாசலில் பச்சையும் சிவப்பும் நீலமுமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டின, இடம் போட்டு வைக்கச் செங்கல்லும் கிழிந்த செருப்பும் வந்தன, நேற்று நீதானே முதலில் பிடித்தாய் என்ற சண்டையும் வந்தது. வளர்பிறையில் குடம் சீக்கிரம் நிறையும், தேய்பிறையில் காத்துக் கிடக்க வேண்டும், அமாவாசையன்று விடுமுறை. அதுவரைக்கும் பௌர்ணமியைக் காலண்டரில் பார்த்துத் தெரிந்துகொண்ட ஊர், எட்டாம் பிறைக்கும் ஒன்பதாம் பிறைக்கும் ஒழுகலில் உள்ள வித்தியாசத்தைச் சொல்லக் கற்றுக்கொண்டது. மேலே நிலா எதுவும் குறைந்துபோகவில்லை, எப்போதும்போலத் தேய்ந்தது, எப்போதும்போல வளர்ந்தது.

அந்த வெளிச்சத்துக்குச் சூடு கிடையாது, அணையவும் தெரியாது, நிழல் விழ வைக்கவும் தெரியாது. புரோட்டாக் கடைக்காரர் சால்னா கட்டுகிற கவரில் ஊற்றி நூல் போட்டு இறுக்கிக் கூரையில் தொங்கவிட்டார். பெண்ணை அனுப்புகிற வீடுகளில் சீர்த்தட்டோடு ஒரு சொம்பு நிலாவும் போனது. மாட்டுத் தொட்டியில் யாரோ தவறி ஊற்றிவிட்டார்கள், அதைக் குடித்த எருமை ஒரு வாரம் லேசாக ஒளிர்ந்துகொண்டு மேய்ந்தது, பாலில் ஒரு குறையும் இல்லை. எங்கள் கோழிகள் மட்டும் பகல் எது என்று குழம்பிப்போய்க் கண்ட நேரத்தில் முட்டையிட்டன. மின்வாரியத்திலிருந்து வந்தவர் ஒரு குடத்தை முன்னாலும் பின்னாலும் பார்த்தார், ஒயர் எங்கே என்று கேட்டார், இல்லை என்றதும் அப்படியானால் இது எங்கள் துறை கிடையாது என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டிலில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போனார்.

எல்லாரையும்விட அதிகமாகப் பலன் பெற்றவள் வேலாத்தாள். பாவு பிணைப்பது அவள் தொழில். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒவ்வொன்றையும் விரலால் முறுக்கி ஒட்ட வேண்டும், ஆயிரக்கணக்கான இழை, ஒன்று மாறினாலும் துணி கோணிக்கொள்ளும். பல்பு வெளிச்சத்தில் இழைமேல் இழை நிழல் விழும், கண் எரியும். நிழலே இல்லாத நிலா வெளிச்சத்தில் வேலாத்தாள் ஒரு பாவு பிணைக்கிற நேரத்தில் ஒன்றரைப் பாவு பிணைத்தாள், கரண்ட் போனால்கூட எழுந்திருக்கவில்லை. பட்டறை வாசல் வரிசையில் முதல் குடம் அவளுடையதுதான், அதில் கை வைத்தவர்கள் யாரும் அவள் வாயிலிருந்து தப்பியதில்லை.

பஞ்சாயத்துத் தலைவர் தம்புசாமி டெலஸ்கோப்பைச் சுற்றி மூங்கில் தட்டியில் அறை கட்டினார், மேலே மட்டும் திறந்து விட்டார், தூசி படக் கூடாது என்று கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் அரைஞாணில் மாட்டிக்கொண்டார், குடம் பிடிக்கிற நேரத்தில் மட்டும் தானே வந்து திறந்துவிட்டார். வில்லைகளை யாரும் தொடக் கூடாது என்று முடிவானது, சரோஜாமணியும்தான். எந்த முகம் எந்தப் பக்கம் இருப்பதால் நிலா ஒழுகுகிறது, அல்லது அந்தப் பொட்டால்தான் ஒழுகுகிறதா என்பது யாருக்கும் தெரியாதபோது பிரித்துப் பார்க்க யாருக்குத் தைரியம் வரும்.

சரோஜாமணி கேட்டது அதைத்தான். வில்லைகளைப் பிரித்துச் சரியாக மாட்டினால் டெலஸ்கோப் டெலஸ்கோப்பாகிவிடும், ஒரு முறை சனியைப் பார்த்துவிடுகிறேன் என்று முதலில் புருஷனிடம் கேட்டாள், பிறகு தலைவரிடம் கேட்டாள், பிறகு வரிசையில் நின்ற எங்கள் எல்லாரிடமும் கேட்டாள். நாங்கள் கெட்டவர்கள் இல்லை. பார்க்கலாம் என்றோம், அடுத்த மாதம் என்றோம், கல்யாண சீசன் முடியட்டும் என்றோம். போதாததற்குச் சந்திரனைக் கொடுத்துவிட்டுச் சனியை வாங்குவார்களா என்று ஒரு கிண்டலும் ஊரில் சுற்ற ஆரம்பித்தது, அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நாங்களும் உண்டு.

இதற்கிடையில் அவள் கண் சுருங்கிக்கொண்டே வந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரிந்த உலகம் சாஸர் அளவுக்கு வந்தது, சாஸரிலிருந்து டம்ளர் வாய் அளவுக்கு வந்தது. மூக்கைப் பார்த்தால் காது இல்லை, காதைப் பார்த்தால் மூக்கு இல்லை என்று புருஷன் முகத்தைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னாள், சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய் அழுதாள். ஊருக்கெல்லாம் வெளிச்சமான நிலா அவளுக்கு வெறும் கூச்சமாக இருந்தது, எதிரே லாரி விளக்குப் போட்டுக்கொண்டு நிற்பதுபோலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னைவிட அதிகமாகச் சுவரைத் தடவினாள். வீட்டுக்கு வீடு குடத்தில் நின்ற வெளிச்சம் கூரைகளுக்கு மேலே பால் பொங்கினாற்போலக் கிளம்பி வானத்தை மூடியதில், ஊரில் நட்சத்திரம் பார்த்தே பல மாதம் ஆகியிருந்தது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை.

புரட்டாசி பிறந்து ஒரு நாள் சாயந்தரம், டெலஸ்கோப்பைக் கையால் தொட்டாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்த சரோஜாமணியின் கால் பட்டு வேலாத்தாளின் குடம் கவிழ்ந்தது. நிறை குடம். நிலா அத்தனையும் வீதியில் ஓடிச் சாக்கடைக்குள் இறங்கியது. வேலாத்தாள் வாயைத் திறந்தாள், வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது. ஆனால் சரோஜாமணி குனிந்து குடத்தை நிமிர்த்தப் பார்த்தாள், குடம் அவளுடைய இடது காலடியில் கிடக்க, அவள் வலது பக்கத்தில் வெறும் தரையைத் தடவிக்கொண்டிருந்தாள், அத்தனை வெளிச்சத்தில். வேலாத்தாள் வாயை மூடிக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து, எவ்வளவு தெரியுது என்று மெல்லக் கேட்டாள். சரோஜாமணி கைவிரல்களைக் குழல்போலச் சுருட்டி வேலாத்தாளின் கண்ணில் வைத்துக் காட்டினாள்.

அன்றைக்கு வேலாத்தாள் தன் கையையும் அப்படியே சுருட்டிக் கண்ணில் வைத்து, எடுக்காமல் வீடு வரைக்கும் நடந்து பார்த்தாள். ஒரு மாட்டின்மேல் முட்டினாள், இரண்டு முறை சாக்கடையில் கால் விட்டாள், தன் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் நுழைந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் பேசாமல் படுத்த நாள் அது என்று அவள் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார்.

ஆயுதபூஜைக்கு முந்தின வாரம் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. சரோஜாமணி எழுந்து ஒரே ஒரு சாயந்தரம் வேண்டும் என்று கேட்டாள், ஒழுகல் அதற்கப்புறம் திரும்பி வருமா என்பதற்கு உத்தரவாதம் தர முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். தம்புசாமி தொண்டையைச் செருமினார். வெளிச்சம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தச் சனீஸ்வரனை நேருக்கு நேர் பார்த்து அவர் பார்வை ஊர்மேல் விழுந்துவிட்டால் யார் பொறுப்பு என்றார். பலர் தலையை ஆட்டினார்கள்.

சரோஜாமணி அவர் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"அவரு என்னெய ரொம்ப நாளாப் பாத்துட்டுத்தானுங்க இருக்காரு. ஒருக்கா நானும் அவரைப் பாத்துக்கறனே."

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து வேலாத்தாள் எழுந்தாள். அவள் எழுந்ததும் எல்லாரும் சரோஜாமணிக்காகப் பரிதாபப்பட்டோம், ஏனென்றால் நிலா நின்றால் முதலில் கை உடைகிறவள் வேலாத்தாள்தான்.

"பாவுல ஒத்த இழை அறுந்தா தறியை நிறுத்திப்போட்டுத்தான் பிணைக்கறோம். துணி போகுது, கெடக்குதுன்னு ஓட்டறமா? இந்தப் புள்ளைக்கு ஒரு நாள் நிறுத்தாத ஊரு, என்ன ஊருங்க?"

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு, ஆயுதபூஜைக்குத் தறி எப்படியும் நிற்கும், நிலம் ஆடாது என்று யாரோ சொன்னார்கள். வருஷம் பூராவும் உழைத்த ஓர் ஆயுதத்தைக் கழுவாமல் பூஜைக்கு வைத்தால் அது அடுக்குமா என்று இன்னொருவர் கேட்டார். தலைவர் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார்.

அந்த ஆயுதபூஜைக்கு நாங்கள் பட்டறைகளை மட்டும் கழுவவில்லை. காலையிலிருந்து பெண்கள் குடத்தையும் அண்டாவையும் சொம்பையும் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் இருக்கும் வறண்ட கிணற்றுக்கு வந்தார்கள். முதல் குடத்தை வேலாத்தாள் கவிழ்த்தாள். நிலா சத்தமில்லாமல் அடிக்குப் போய்த் தேங்கியது. புரோட்டாக் கடைக் கவர்கள் அவிழ்ந்தன, சீர்ச் சொம்புகள் வந்தன, மின்வாரியத்துக்காரர் எடுத்துப்போன பாட்டில் மட்டும் வரவில்லை. பொழுது இறங்குவதற்குள் கிணறு கழுத்து வரைக்கும் நிறைந்தது, அதன்மேல் எங்கள் தறிகளில் ஓடிய காடாத் துணியை மடிப்பு மடிப்பாகப் போட்டு, ஓரத்துக்குக் கல் வைத்தோம். ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே கசியவில்லை, எங்கள் துணியின் நெருக்கம் அப்படி.

மூங்கில் தட்டியைப் பிரித்துப்போட்டிருந்த பட்டறை வாசலில் சரோஜாமணி பகல் முழுக்க வில்லைகளோடு உட்கார்ந்திருந்தாள். காய்ந்த பொட்டைத் தானே கழுவினாள், சந்தனக் கிண்ணத்தோடு நின்ற குழந்தைவேலைக் கிட்டே வரவிடவில்லை. தடித்ததையும் குழிந்ததையும் விரல் நுனியால் தடவித் தடவி முகம் பார்த்தாள், ஒரு வாக்கில் மாட்டித் தூரத்துக் காற்றாலைக்குத் திருப்பினாள். இறக்கைகள் பஞ்சுபோலத் தெரிந்தன. பிரித்து ஒரு வில்லையைப் புரட்டி மாட்டினாள், இறக்கைகளின் ஓரத்தில் நீலமும் சிவப்பும் ஓடின. மறுபடி பிரித்தாள். வெயில் சாயும் நேரத்தில் காற்றாலையின் உச்சியில் உட்கார்ந்திருந்த காக்காயின் அலகு தெரிந்தது. அவள் பென்சிலை எடுத்து விளிம்பில் குறி போட்டாள், போட்டுவிட்டுக் குழந்தைவேலைக் கூப்பிட்டு, இப்ப வாங்க, குழாய்மேல மட்டும் வெச்சு உடுங்க என்றாள். அவர் பித்தளைமேல் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

விளக்கு வைக்கிற நேரம் வந்தது, நாங்கள் விளக்கு வைக்கவில்லை. தறிகள் நின்றிருந்தன, டம்ளர்கள் வைத்த இடத்தில் நின்றன, ஊரிலுள்ள கைக்குழந்தைகள் அத்தனையும் அமைதி தாங்காமல் கத்திக்கொண்டிருந்தன. நாங்கள் தலையைத் தூக்கினோம். ஒரு வருஷமாக மறந்திருந்த நட்சத்திரங்கள் அப்படியே இருந்தன. தென்கிழக்கே, மின்னாமல், நிதானமாக, மஞ்சளாக ஒன்று நின்றது.

அதைக் குழாய்க்குள் பிடிக்க வேண்டியவர் குழந்தைவேல், ஏனென்றால் வானத்தில் தேடிப் பிடிக்கிற கண் சரோஜாமணிக்கு இல்லை. அவருக்கோ அப்போது ஏழரை நடந்துகொண்டிருந்தது, அவர் சனிக்கிழமை தவறாமல் எள்விளக்குப் போடுகிற மனுஷன். எங்கள் எல்லாருடைய கண்ணெதிரிலும் அவர் நேராக நின்று, குழாயின்மேல் கன்னத்தை வைத்து, அந்த மஞ்சள் புள்ளியை நேருக்கு நேர் பார்த்துத் திருப்பினார். முகத்தைத் திருப்பவில்லை. கிடைத்ததும் ஒதுங்கி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சனி மெல்ல ஓரத்துக்கு நகர்வார், குழந்தைவேல் குழாயை ஓர் இழை தள்ளுவார், சனி மறுபடி நடுவுக்கு வருவார். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. கத்திய குழந்தைகள்கூட ஒவ்வொன்றாகத் தூங்கிவிட்டன. என்ன தெரிகிறது என்று கேட்கவும் எங்களுக்குத் தைரியம் வரவில்லை, கடைசியில் குழந்தைவேல்தான் கேட்டார்.

"முழுசாத் தெரியறாருங்க," என்றாள் சரோஜாமணி. கண்ணை எடுக்கவில்லை. "வளையம் ரெண்டு பக்கமும் வெட்டுப்படாம இருக்குது, அதுக்கும் அந்தாண்ட சுத்திலும் இருட்டுக்கூட இருக்குது. நான் இந்த வருசத்துல முழுசாப் பாத்தது இவரை மட்டுந்தான்."

குழந்தைவேல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நாங்களும் அழுதோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு அவள் எழுந்து எங்களை வரச் சொன்னாள். சிலர் கோயில் பழக்கத்தில் பக்கவாட்டாகவே வந்து, ஒதுங்கி நின்று, கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார்கள். வேலாத்தாள் நேராக வந்து உட்கார்ந்தாள், பார்த்தாள், இத்தனை அழகை வைத்துக்கொண்டு இவர் எதற்கு எல்லாரையும் பயமுறுத்துகிறார் என்று கேட்டாள். தம்புசாமி கடைசியாகப் பார்த்தார், பார்த்துவிட்டுப் பூட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டார். அப்புறம் யாரோ குழாயை நிலாவுக்குத் திருப்பினார்கள். பள்ளமும் மேடுமாக நிலா தெரிந்தது. ஒரு சொட்டும் விழவில்லை. அதற்குப் பின்னாலும் விழவில்லை, வில்லைகளை மறுபடி பழையபடி மாட்டிப் பார் என்று நாங்கள் ஒருவரும் அவளைக் கேட்கவுமில்லை.

வீட்டுக்குப் புறப்படும்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஊரில் ஒரு விளக்கு இல்லை. மேலே நின்ற நிலாவின் வெளிச்சம் எங்களுக்குப் போதும், அந்தக் கண்களுக்குப் போதாது. சரோஜாமணி பழக்கத்தில் வலது கையை நீட்டிச் சுவரைத் தேடினாள். செத்த நேரம் நில்லு அம்மணி என்று வேலாத்தாள் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் போனாள். காடாத் துணியின் ஒரு முனையை அவள் தூக்கியபோது கோபுரம் ஒரு கணம் வெளிச்சமாகி மறைந்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள், வாசல் தெளிப்பதுபோலக் கையால் அள்ளி அள்ளி வீதியின் நடுவில் தெளித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். இருட்டில் ஒரு டம்ளர் வாய் அகலத்துக்கு வெள்ளையாகக் கோடு விழுந்துகொண்டே போனது.

கிணற்றில் இன்னும் நிறைய இருக்கிறது. வீதியில் இருப்பவர்கள் முறை வைத்துக்கொண்டு சாயந்தரம் சாயந்தரம் ஒரு சொம்பு இறைத்துத் தெளிக்கிறோம், அவள் கண் முழுசாக மூடும் வரைக்கும் அது தாராளமாகக் காணும், மூடிய பிறகும் தெளிக்கத்தான் போகிறோம். அந்த முதல் நாள் சரோஜாமணி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பிறகு சுவரைத் தொடாமல், வீதியின் நடுவில், வீடு வரைக்கும் நடந்தாள்.